குர்பானிக் கிடாவுக்குப் போட்ட ஊசி

கால்நடை மருந்தகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஸ்டெல்லா அக்கா எழுதுகிறேன். உங்கள் கைபட்ட ஜீவன் எல்லாம் பிழைத்து எழ ஆண்டவர் துணை இருக்கட்டும்.

நான் படித்தது பத்தாவது வரைதான். கால்நடை பராமரிப்பு உதவியாளர் என்று வேலைக்கு வந்தேன். சாந்தோமில் மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. தெரியாதுதான். வேலை கற்றுக்கொடுத்தது. ஓய்வு பெறும் வரை மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தேன்.

பட்டணத்தின் நடுவில் ஆடு யார் வளர்க்கிறார்கள் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு போய்விடும். இஸ்திரி வண்டிக்காரர் வீட்டில் இரண்டு இருக்கும். குப்பத்தில் மீன் விற்கிற அக்கா வீட்டில் நாலு இருக்கும். சந்துக்குள் இருக்கிற பாய் வீட்டில் தாயும் குட்டியுமாக ஐந்து நிற்கும். யாருக்கும் பட்டி கிடையாது, கொட்டகை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே கட்டுவார்கள். காலையில் அவிழ்த்துவிட்டால் அவை தாமாகவே காய்கறிக் கடைப் பக்கம் போய், முள்ளங்கித் தழையும் வாழை இலையும் சுவரொட்டியும் தின்றுவிட்டு, சாயங்காலம் சரியாகத் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். நடுவில் யாருடைய காரின் மேலாவது ஏறி நிற்கும். அந்தப் புகாரும் நம் மருந்தகத்துக்குத்தான் வரும். பழகிக்கொள்ளுங்கள்.

ஊசி எப்படிப் போடுவது, எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர் சொல்லிக்கொடுப்பார். சில மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆனால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுக்காரரிடம் என்ன பேசுவது, எதை முதலில் சொல்வது என்பது அவ்வளவு சுலபமாக வராது. அதற்காகத்தான் ஹசீனா பீ வீட்டுக் கிடாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஹசீனா பீ மயிலாப்பூரில் ஒரு சந்தில் குடியிருப்பவர். வீட்டில் பேசுவது உருது, சந்தில் பேசுவது நம் மெட்ராஸ் தமிழ். அவருடைய கணவர் அன்வர் பாய் மெத்தை தைக்கிறவர். ஒருநாள் கடையிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஹசீனா பீ ஒரு நேர்த்தி வைத்துக்கொண்டார். இவர் தன் காலால் நடந்தால், கடையில் வாங்காமல், தன் வீட்டில் பிறந்த குட்டியை வளர்த்து பக்ரீத்துக்குக் குர்பானி கொடுப்பதாக.

வீட்டில் இருந்த தாயாட்டுக்குப் பிறந்தது நல்ல கறுப்புக் கிடா. நெற்றியில் மட்டும் வெள்ளை. அன்வர் பாய் அதை 'பேட்டா' என்று கூப்பிடுவார். மகனே என்று அர்த்தம். கொடுக்கப்போகிற ஆட்டுக்குப் பேர் வைக்காதே என்று ஹசீனா பீ திட்டுவார். "இது பேரு இல்ல, சும்மா கூப்புடுறேன்" என்று வாய் குழறிச் சொல்வார் பாய். நடைப்பயிற்சி என்று சொன்னால் கட்டிலை விட்டு எழாத மனிதர், கிடாவுக்குத் தழை வாங்கி வருகிறேன் என்று கம்பை ஊன்றிக் கிளம்பிவிடுவார். நல்ல கையில் கம்பு, வலுவில்லாத கையில் சுற்றிய கயிறு. கிடா முன்னால் இழுக்க, இவர் பின்னால் திட்டிக்கொண்டே போவார். அப்படியே காலும் தேறிவிட்டது. நேர்த்தி பலித்துவிட்டது என்று சந்தே சொன்னது. அந்த வருஷப் பக்ரீத்துக்குக் கொடுப்பது என்று முடிவானது.

இப்போது ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள்.

குர்பானிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த ஆடு சந்துக்கே விருந்தாளி ஆகிவிடும். போகப்போகிற ஜீவன் ஆயிற்றே என்று ஆளுக்கு ஆள் ஏதாவது ஊட்டுவார்கள். முஸ்லிம் வீடு, இந்து வீடு, எங்கள் வேதக்காரர் வீடு என்று எந்த வித்தியாசமும் இருக்காது. பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்கும். பெரியவர்கள் சோறு கொடுப்பார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் ஆட்டின் வயிறு தழைக்கு அமைந்த வயிறு. சோறும் ரொட்டியும் நிறையப் போனால், வெயிலில் வைத்த தோசை மாவு போல உள்ளே புளித்துப் பொங்கிவிடும். பக்ரீத்துக்கு முந்தின வாரம் நமக்கு வருகிற அழைப்பில் பாதி இந்தப் பாசத்தால் வருகிறதுதான்.

அந்த வியாழக்கிழமை காலையில் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருகிறேன், ஹசீனா பீ போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பண்டிகை.

"ஆபா, கிடா எந்திரிக்கல. நேத்தே வயிறு உப்பிக்கினு இருந்திச்சி. இப்போ பல்ல நறநறன்னு கடிக்குது. ஓடியா ஆபா."

அக்காவை அவர்கள் ஆபா என்பார்கள்.

மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்து வைத்திருந்தார்கள். வண்டி போகாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தகரத் தடுப்பை ஒட்டி நடந்தேன். டாக்டர் அன்றைக்குப் பெருங்குடியில் முகாமில் இருந்தார். போனில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மாடிப்படியின் கீழே கிடா படுத்திருந்தது. இடது விலா மத்தளம் மாதிரி எழும்பி நின்றது. ஜூலை வெயிலுக்கு ஒரு மேசை விசிறியைத் தரையில் வைத்து அதற்குக் காற்று விட்டிருந்தார்கள். அன்வர் பாய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தார். சுற்றிலும் சந்தே நின்றது.

பாயின் தம்பி கரீம், ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கினார்.

"வந்திட்டியாக்கா. ஊசி எடுத்தாந்தியா? போட்டுடு சீக்கிரம்."

"மொதல்ல பாக்கறேன் பாய். கொஞ்சம் காத்து வுடுங்க."

"இன்னாத்தப் பாக்கறது? வயிறு இப்டி கீது, தெரியல?" என்றவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "யாரு இன்னா குடுத்தீங்க இதுக்கு? சொல்லுங்க! எவன் இன்னா குடுத்தான்?"

ஆளாளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். எதிர்வீட்டில் பூக்கட்டி விற்கிற சரோஜா மட்டும், "நான் ஒண்ணியும் குடுக்கலபா. ஒரே ஒரு வாயி பொங்கல்" என்றார். பின்னால் யாரோ, "நாங்களும் ஒரு கைப்பிடிதான்" என்றார்கள்.

அதட்டிக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு கைப்பிடிதான் வரும். இதை மறக்காதீர்கள். நான் கிடாவின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"பாக்க ராஜா மாதிரி கீதே. இதுக்கு ரொம்ப இஷ்டம் எது சரோஜாம்மா?"

"பொங்கல்தான்க்கா! சக்கரப் பொங்கல்னா உசுரு. நேத்து கோயில்ல குடுத்தாங்க, ஒரு தூக்கு நெறைய. அப்டியே மூஞ்சிய உள்ள வுட்டு வழிச்சி நக்கிடுச்சி."

"அய்ய, பொங்கலா? எங்க வூட்டு பரோட்டாவுக்கு அது மாடி ஏறி வரும்."

"பன்னுக்கு? தெனம் காலைல டீக்கடைல எனக்கு ஒரு பன்னு, அதுக்கு ரெண்டு பன்னு."

போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணிச் சோறு, எலுமிச்சஞ்சாதம், அல்வா. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஹசீனா பீ தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா, எல்லாரும் சேந்து கொஞ்சியே படுக்க வெச்சிட்டீங்களே."

வயிற்று நோய் எதனால் என்று தெரிந்தது. அதற்கு வழி உண்டு. ஆனால் நெஞ்சிலும் காதை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஈரமாக, கரகரவென்று இருந்தது. மூக்கில் நீர். தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் கொதித்தது. வெறும் சோற்றால் வந்த உப்புசத்துக்கு இப்படி இருக்காது.

"நேத்து வயிறு உப்பினதும் கைவைத்தியம் எதுனா பண்ணீங்களா பாபி?" என்று ஹசீனா பீயைக் கேட்டேன். அண்ணியைக் கரீம் அப்படிக் கூப்பிடுவார், எனக்கும் அதே பழகிவிட்டது.

அவர் இல்லை என்று தலையாட்டினார். கரீம் தன் ஆட்டோச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தேன்.

"சோடா," என்றார் கடைசியில். "கோலி சோடா ரெண்டு வாங்கியாந்து ஊத்தினேன். மனுசனுக்கு ஏப்பம் வருதில்ல? அத்தே மாதிரி போவும்னு."

"படுத்துக்கினு இருக்கச் சொல்லோவா ஊத்தினீங்க?"

"ஆமா. தலைய நான்தான் தூக்கிப் புடிச்சேன். கொஞ்சம் எருமிச்சி."

படுத்த ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். நான் சொன்னதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சோறு தின்று செத்த ஆடுகளைவிட, பயந்துபோன வீட்டார் வாயில் ஊற்றிய எண்ணெயாலும் சோடாவாலும் செத்த ஆடுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை அங்கே சொல்லவில்லை. அண்ணன் மடியில் ஆட்டின் தலை இருக்கும்போது தம்பியைப் பார்த்து அதைச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? "சரி பாய், இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன்.

டாக்டரை வீடியோவில் பிடித்தேன். பின்னால் முகாமில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. கிடாவைக் காட்டினேன், மூச்சைக் கேட்க வைத்தேன். வயிற்றுக்குக் குழாய் விட்டுச் சோடா உப்புக் கரைசல், நரம்பில் குளுக்கோஸ் தண்ணீர் என்றார். எனக்குத் தெரிந்ததுதான். பிறகு, "நெஞ்சு நல்லா இல்ல ஸ்டெல்லாம்மா. ஆன்டிபயாடிக் இன்னைக்கே ஆரம்பிக்கணும். நாளைக்குப் போட்டா பிரயோஜனம் இருக்காது" என்றார்.

"டாக்டர், இது ஞாயித்துக்கிழமை குர்பானிக் கிடா."



"அப்போ இந்தப் பண்டிகைக்கு ஆகாது. போட்டா பல நாளுக்குக் கறியில மருந்து நிக்கும். யாரும் சாப்பிடக் கூடாது. வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. எப்படிச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியும்."

போனை வைத்தேன். தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நிறையப் பேர் என்ன செய்வார்கள் தெரியுமா? ஊசியைப் போட்டுவிடுவார்கள். ஆடு பிழைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று. கூட்டம் 'போடு போடு' என்கிறது, ஆடு முனகுகிறது, மருந்து கையில் இருக்கிறது. போடுவதுதான் சுலபம். கேட்டால், உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது சரியில்லை. ஊசி உள்ளே போன பிறகு சொன்னால் அது செய்தி. அதற்கு முன்னால் சொன்னால்தான் ஆட்டுக்காரர் முடிவு செய்ய முடியும். ஆடு அவர்களுடையது. அதன்மேல் வைத்த நேர்த்தியும் அவர்களுடையது.

வயிற்றுக்கான வைத்தியத்தை முதலில் செய்தேன். அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. கை அந்த வேலையைச் செய்யும்போது, மாதாவே, என் வாயில் சரியான வார்த்தையைக் கொடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பிறகு ஊசியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, ஹசீனா பீக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"பாபி, நெஞ்சுல சளி எறங்கிக்கினு கீது. ஊசி போட்டா பொழைக்க வாய்ப்பு கீது. போடலன்னா கஷ்டம். ஆனா போட்டா, இந்தப் பக்ரீத்துக்கு இதக் குடுக்க முடியாது. கறியில மருந்து நிக்கும். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் போட மாட்டேன்."

 

கரீம்தான் முதலில் பேசினார். குரலைத் தாழ்த்தி, என் காதோரம் குனிந்து சொன்னார்.

"அக்கா, போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது? உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும், பாபிக்குத் தெரியும். நாம துன்ற கோழியில ஊசி இல்லியா?"

"கறி யாருக்குப் போவும் பாய்?"

"ஒரு பங்கு எங்களுக்கு. ஒரு பங்கு சொந்தக்காரங்களுக்கு. ஒரு பங்கு இல்லாதவங்களுக்கு."

"இல்லாதவங்க அந்தக் கறிய கொழந்தைக்குத்தான் மொதல்ல ஊட்டுவாங்க. மருந்து கீதுன்னு தெரிஞ்சும் அத நான் குடுக்க வுடுவனா? நீங்களே சொல்லுங்க."

 கூட்டத்தில் இருந்து ஒருவர், "அப்போ ஊசியே வாணாம். மூச்சு கீது இல்ல, இப்பவே அறுத்துடுங்க. ஹலாலாவது ஆவும்" என்றார். இன்னொருவர் சிரித்தபடி, "அறுக்கப்போற ஆட்டுக்கு குளுக்கோசு ஏத்தற ஊரு நம்ம ஊருதான்யா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

ஹசீனா பீ திரும்பினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"அறுக்கத்தான் வளத்தேன். இல்லன்னு சொல்லல. மூச்சு முட்டி கெடந்து சாவறதுக்கு வளக்கல. காய்ச்சல்ல கெடக்குறத அறுத்து அல்லா பேரச் சொல்லிப் பங்கு வெக்கச் சொல்றியா? நீ வாங்கித் துன்னுவியா?"

சிரித்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ஆனால் அவராலும் 'போடு' என்று சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். 

"ஆபா, நேந்துக்கினது நான். இவரு காலு திரும்ப வந்திச்சின்னா குடுக்கறேன்னு நான்தான் வாக்கு குடுத்தேன். காலு வந்திடுச்சி. இப்போ குடுக்கலன்னா, குடுத்தத எடுத்துக்குவானோ? இவருக்கு மறுபடியும் எதுனா ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

இதுதான் விஷயம். ஒரு ஆடு போகும் வரும். அந்தப் பெண்ணுக்குப் பயம் ஆட்டைப் பற்றி இல்லை. இதற்கு நம் பையில் மருந்து கிடையாது. அப்படியெல்லாம் ஆகாது, அது மூடநம்பிக்கை என்று சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல நாம் யார்? நானும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, போகிற வரை தூக்கம் வராமல் கிடந்தவள்தான். அவர் கையை அழுத்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆடும் காத்திருந்தது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

அன்வர் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்குப் பேச்சு சுளுவாக வராது. ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ள வேண்டும். நல்ல கையால் கிடாவின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஹசீனா. போடச் சொல்லு."

"நேர்த்திங்க..."

"காலு என்து. நான் பேசிக்கறேன் அவன்கிட்ட."

அவ்வளவுதான். ஹசீனா பீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "பிஸ்மில்லா சொல்லிப் போடு ஆபா" என்றார். அவருக்காக அதையும் சொன்னேன், எனக்காகச் சிலுவையும் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டேன்.

கிளம்பும்போது சந்து முனையில் கரீம் ஆட்டோவில் சாய்ந்து நின்றார். மற்றவர்கள் யாரும் இல்லை.

"அக்கா, நெசத்தச் சொல்லு. நான்தான அதக் கொன்னுட்டேன்?"

"இன்னும் சாவல பாய். படுத்திருக்கற ஆட்டுக்கு எதையும் ஊத்தாதீங்க. உங்க ஆட்டோ ஸ்டாண்டுல ஆடு வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லுங்க. அது போதும்."

"அண்ணங்கிட்ட?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க."

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாராம். அண்ணன் தம்பிக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை கிடா அப்படியேதான் கிடந்தது. சனிக்கிழமை எழுந்து நின்றது, நாலு கால்களும் நடுங்க. ஊசி போடப் போனபோது அகத்திக்கீரையில் ஒரு கொத்தை மட்டும் வாயில் வைத்து மெல்லாமல் நின்றது. தின்கிறதா, துப்புகிறதா என்று எல்லோரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாகத் தாடை அசைந்தது. சரோஜா குலவை போடாத குறைதான். "ஏய், ஒருத்தரும் ஒரு பருக்க குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அவரே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

பண்டிகை அன்று எனக்கு விடுமுறை. ஆனால் மருந்தை ஒரு நாள் விட முடியாது. ஞாயிறு பூசை முடித்துப் போனேன். நான் போனபோது ஹசீனா பீ வாசலில் நின்றுகொண்டிருந்தார். வருஷா வருஷம் அந்த வீட்டில் பங்கு வாங்குகிறவர்கள் வழக்கம்போல் பையோடு வந்திருந்தார்கள். குப்பை பொறுக்குகிற அம்மா, வாட்ச்மேன் வேலை பார்க்கிற பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு பெண். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். அல்லது யாரையாவது விட்டுச் சொல்லியிருக்கலாம். ஹசீனா பீ ஒவ்வொருவரிடமும் தானே சொன்னார்.

"இந்த வருசம் எங்க வூட்டுல இல்லம்மா. ஆட்டுக்கு ஊசி போட்டுக்கினு கீறோம், கறி ஆவாது. அடுத்த தெருவுல குடுக்கறாங்க, போங்க. துவா பண்ணுங்க."

கைக்குழந்தைக்காரி எட்டிப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே கிடா நின்று தழை மென்றுகொண்டிருந்தது. "நல்லா ஆவட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

 வெட்கப்பட வேண்டிய எதுவும் அந்த வாசலில் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். வியாழக்கிழமை நான் அவசரப்பட்டு ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு சொல்லியிருந்தால், அன்றைக்கு அவர் இப்படி நின்றிருக்க மாட்டார். நேர்த்தியை ஆஸ்பத்திரிக்காரி கெடுத்துவிட்டாள் என்று அழுதுகொண்டு இருந்திருப்பார். ஆடு பிழைத்திருக்கும்தான். அந்த வீடு பிழைத்திருக்காது.

நேர்த்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார்களாம். அவர் என்ன விளக்கம் கொடுத்தார் என்பதெல்லாம் எனக்குப் புரியாத விஷயம், அதில் நான் பேசக் கூடாது. அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று முடிந்தது. ஹசீனா பீ மட்டும் அந்த வருஷம் முழுக்க, அன்வர் பாய் கால் கொஞ்சம் இடறினாலும் என்னைப் போனில் கூப்பிட்டுவிடுவார். "ஆட்டுக்கு இல்ல ஆபா, அவருக்கு" என்பார். நான் மனுஷ டாக்டரிடம் போகச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இருக்காது. அவர் கால் அவருடையதாகவே இருந்தது.

அடுத்த பக்ரீத் வந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இல்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், போக மனசு வரவில்லை. நெற்றியில் வெள்ளை வைத்த அந்த முகத்தை எத்தனை நாள் கையில் பிடித்து மருந்து கொடுத்திருக்கிறேன். நம் வேலையில் இதுவும் ஒரு பாகம்தான். பிழைக்கவைப்பது நம் கையில் இருக்கிறது. எதற்காகப் பிழைத்தது என்பது வளர்ப்பவர் கையில். அதில் மூக்கை நுழைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும்.

மத்தியானம் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கரீம் ஓட்டிவந்திருக்கிறார். பின் சீட்டில் ஹசீனா பீயும் அன்வர் பாயும். பாய் கம்பை ஊன்றி இறங்கி, எங்கள் வீட்டு மூன்று படியையும் யாரையும் பிடிக்காமல் ஏறினார். புதுச் சட்டை போட்டிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. காலையில் கிடாவின் கயிற்றைத் தானே பிடித்து நின்றாராம், தம்பி எவ்வளவு சொல்லியும் விடவில்லையாம். ஹசீனா பீ சொன்னார்.

என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். ஹசீனா பீ பையில் இருந்து ஒரு பெரிய டிபன் பாக்ஸை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. நான் மூடியைத் திறக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் நிற்க, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நம்பி சாப்புடு ஆபா. இதுல ஊசி இல்ல."